சென்ட்ரிங் பிரித்த நாள்

எங்கள் தொழிலில் ஒருவனைப் பற்றி ‘சிமெண்ட் இல்லாத வேலை செய்கிறவன்’ என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் அவனைத் திட்ட வேண்டியதில்லை. செஞ்சியிலும் சுற்றுப்பட்டிலும் இருபத்தைந்து வருடமாக வீடு கட்டுகிற மேஸ்திரி நான். பெயர் ஏழுமலை, வயது நாற்பத்து நான்கு. எலும்பு டாக்டர் என் இடுப்பு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கு சிமெண்ட் இல்லாத வகைதான் வைக்கப் போறோம். அதுலயும் சின்ன ஸ்டெம்” என்று சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காப்பீட்டு அட்டையில் வந்தவன்தானே, சிமெண்டும் வேண்டாம், கம்பியும் பாதி போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இன்று என் கால் நன்றாக இருக்கிறது. நடக்கிறேன், படி ஏறுகிறேன். இந்த ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டிருப்பவர்கள் யாராவது படித்துத் தைரியம் கொள்ளட்டும் என்று இதை எழுதுவதாகச் சொன்னால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தணிகாசலம். அவருக்கு நான் ஒரு கணக்குச் சொன்னேன். அதை மறைத்துவிட்டு என் காலைப் பற்றி மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

வலி, செஞ்சிக்குப் பக்கத்தில் அனந்தபுரத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போடுகிற சமயத்தில் ஆரம்பித்தது. இடுப்பு கெட்டால் இடுப்பில்தான் வலிக்கும் என்று நாம் நினைப்போம். எனக்குத் தொடை இடுக்கில் பிடித்து முட்டி வரை இறங்கியது. முட்டிக்குத் தைலம் தேய்த்தே நான்கு மாதத்தை ஓட்டினேன். சாரத்தில் ஏறும்போது வலது காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டி வந்தது. கீழே நிற்கிற ஆட்கள் பார்த்துவிடக் கூடாதே என்று, கலவை சரியில்லை, செங்கல் நனையவில்லை என்று சும்மா சும்மா அவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். செருப்பு மாட்டக் குனிய முடியாமல் போன அன்று என் மனைவி மல்லிகா கண்டுபிடித்துவிட்டாள்.

“ஊர்ல இருக்கற சுவத்துக்கெல்லாம் விரிசல் பாக்கறீங்க. உங்க விரிசல் என் கண்ணுக்குத் தெரியாதுன்னு நெனச்சிங்களா?”

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். செஞ்சியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். பெரிய கூடம், வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள், சுவரில் டோக்கன் எண் மாறுகிற சிவப்பு விளக்கு. அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் போனது. எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குள் கேட்கிற சத்தம் டிரில் மிஷின் சத்தம்தான். எனக்கு அது பழக்கம் என்பதால் பயமில்லாமல் கிடந்தேன். பயம் முடிவைக் கேட்டபோதுதான் வந்தது.

தொடை எலும்பின் மேல் முனை ஒரு பந்து. அது இடுப்பில் இருக்கிற கிண்ணத்துக்குள் சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம். என் பந்துக்கு ரத்தம் போவது நின்றுவிட்டது. ரத்தம் இல்லாமல் எலும்பு செத்து, உள்ளே நொறுங்கி, பந்து சப்பையாகிவிட்டது. ஃபைலில் ஏவிஎன் என்று மூன்று எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

“குடிப்பீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“கான்கிரீட் போடற அன்னிக்கு மட்டும் சார்.”

“வேற எதுனா மாத்திரை, ரொம்ப நாளா?”

நான் இல்லை என்று தலையாட்டுவதற்குள் மல்லிகா பையைத் திறந்து ஒரு அட்டையை மேசை மேல் வைத்தாள். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். சிமெண்டில் கை வைத்து வைத்து எனக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்து அரிக்கும். மருந்துக் கடையில் சொல்லி வாங்கிப் போட்டால் ஒரே நாளில் அடங்கிவிடும். வருடக்கணக்காகப் போட்டேன். அது ஸ்டீராய்டு. டாக்டர் அளந்து கொடுத்தால் உயிரைக் காப்பாற்றும் மருந்து. நானாகத் தின்றால் எலும்புக்குப் போகிற ரத்தத்தைக் கெடுக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஆக, சிமெண்ட்தான் என்னை அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

சிமெண்ட் இல்லாமல் எப்படி நிற்கும் என்று சண்டைக்குப் போகிறவன் போலவே கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். செத்த பந்தை வெட்டி எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பார்கள். அந்தப் பந்தைத் தாங்குகிற தண்டுதான் ஸ்டெம். அது தொடை எலும்பின் உள்குழாயில் இறுக்கமாக அடித்து இறக்கப்படும். அதன் மேல்புறம் சொரசொரப்பாக இருக்கும். எலும்பு மெல்ல வளர்ந்து அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொள்ளும். வழக்கமான ஸ்டெம் நீளமானது. இது அதில் பாதிதான்.

“உங்களுக்கு இன்னும் வயசு இருக்குது. என்னிக்காவது இதை மாத்த வேண்டி வந்தா, கீழ எலும்பு கெடாம முழுசா இருக்கணும். அதுக்குத்தான் சின்னது. இது மட்டம் இல்ல மேஸ்திரி.”

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வெளியே வந்தேன். “கோட்டையில பாறை மேல கல்லு நிக்குதே, அதெல்லாம் எந்த மூட்டை சிமெண்ட்ல நிக்குதாம்?” என்று மல்லிகா கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். சுண்ணாம்பு என்று சொல்லலாம். ஆனால் சுண்ணாம்பே இல்லாமல் கல்லுக்குக் கல் உட்கார்ந்திருக்கிற இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன். பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

வார்டில் என் கட்டிலுக்கு இடது பக்கம் தணிகாசலம். எழுபத்தொரு வயது. வல்லத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவருக்கு ரத்தம் நின்றுபோகவில்லை, தேய்மானம். கிண்ணமும் பந்தும் உராய்ந்து உராய்ந்து இடையில் இருந்த மெத்தை போய்விட்டது. பொதுவாக அவர் வயதுக்கு நீளமான ஸ்டெம்மோ, சிமெண்ட் வைத்ததோ போடுவார்களாம். எலும்பு மெலிந்திருக்கும் என்பதால். இவர் எக்ஸ்ரேயில் எலும்பின் சுவர் தடிமனாக இருந்ததால், என்னைப் போலவே சின்னது போதும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

“எனக்கும் ஒனக்கும் ஒரே சைசாம் மேஸ்திரி” என்று அவர் சிரித்தார். “வயசு எழுவது, எலும்பு அம்பதுன்னாரு டாக்டரு. அந்த எலும்ப வச்சிக்கினு ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன். நர்ஸம்மா ஓடிப்போச்சி.”

சிரிக்க வைத்துவிட்டு, காலையில் மட்டும் அவர் மாறிவிடுவார். விடிந்ததும் மகளுக்குப் போன் போடுவார். அவர் மனைவி பச்சையம்மா பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. பேச்சு இல்லை, வலது பக்கம் அசையாது. படுக்கையிலிருந்து எடுத்து உட்கார வைப்பது, கழிவறைக்குக் கொண்டுபோவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் தணிகாசலம்தான். இடுப்பு தேய்ந்ததே அதனால்தான் என்று வார்டில் ஒரு பேச்சு இருந்தது. இப்போது மகள் சாந்தி திருவண்ணாமலையிலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திருப்பிப் போட்டியா? முதுகப் பாத்தியா, செவப்பு எதுனா இருக்குதா?” என்று கேட்பார். ஸ்பீக்கரில் சாந்தியின் குரல் எனக்கும் கேட்கும்.

“நைனா, தூக்கும்போது என் தோளப் புடிக்க மாட்டன்றாங்க. கைய வச்சிப் பாத்துட்டு எடுத்துடறாங்க. உன் தோளுன்னு நெனச்சித் தேடறாங்க.”

“வந்துர்றேன்னு சொல்லு. மூணு வாரத்துல வந்துர்றேன்னு சொல்லு.”

மூன்று வாரம்தான் சாந்தியால் இருக்க முடியும். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். இதெல்லாம் எனக்கு முதல் நாளே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஆபரேஷனுக்கு முன் ரத்தம், சிறுநீர், இதயம் எல்லாம் பார்த்தார்கள். பல்லைக் கூடப் பார்த்தார்கள். “இடுப்புக்கும் பல்லுக்கும் இன்னா சம்மந்தம்?” என்று தணிகாசலம் பல் டாக்டரையே கேட்டார். சொத்தைப் பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தோடு போய்ப் புது உலோகத்தில் குடியேறிவிடுமாம். அவருக்கு ஒரு பல் போனது. எனக்குத் தப்பித்தது.

ஒரே நாளில் இருவருக்கும் ஆபரேஷன். முதலில் நான். முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போனது. ஆனால் காது மரக்கவில்லை. நடுவில் ஒரு பச்சைத் துணி, அந்தப் பக்கம் என் கால். வெட்டுகிற சத்தம், ராவுகிற சத்தம். பிறகு சுத்தியல். எலும்புக்குள் வழி செய்கிற அரத்தை முதலில் இறக்கி, அதற்குப் பிறகு ஸ்டெம்மை வைத்து அடிக்கிறார்கள். வலி இல்லை, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் என் தாடை அதிர்ந்தது.

நான் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்க்கிறவன். அடியில் கலவை நிரம்பியிருந்தால் ஒரு சத்தம், பொள்ளலாக இருந்தால் வேறு சத்தம். என் தொடையில் முதல் அடிகள் பொத்தென்று கேட்டன. போகப் போகச் சத்தம் ஏறியது. கடைசி நான்கு அடி டங் டங்கென்று கேட்டது. “உக்காந்துடுச்சி” என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மேசையில் படுத்துக்கொண்டு நான் சிரித்தேன் என்று நர்ஸ் பிறகு சொன்னாள்.

தணிகாசலத்தைச் சாயங்காலம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் இருவரும் தெளிந்து பேச ஆரம்பித்ததும் நான் முதலில் கேட்டது அதைத்தான்.

“பெரியவரே, சுத்தி அடிச்சாங்களே, சத்தம் கேட்டுதா?”

“கேக்காம? ரெண்டு தபா மாத்தி மாத்தி அடிச்சாங்க. மொதல்ல ஒண்ணு, அப்புறம் அத வுட கொஞ்சம் பெருசு.”

“கடைசியில எப்பிடி கேட்டுது? டங்குன்னா?”

அவர் யோசித்தார். “டங்குன்னுலாம் இல்ல மேஸ்திரி. ஈர மண்ணுல முளை அடிப்பம் பாரு, அந்த மாரி.”

அது இறுகி உட்கார்ந்த சத்தம் இல்லை. பேச்சை மாற்றிவிட்டேன்.

அன்று ரவுண்ட்ஸில் டாக்டர் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று பொதுவாகவே சொன்னார். புது எக்ஸ்ரேயில் இரண்டு பேருக்கும் ஸ்டெம் சரியான இடத்தில் இருக்கிறது. எலும்பு வந்து பிடிக்கிற வரை அது வெறும் இறுக்கத்தில்தான் நிற்கிறது. அதனால் ஆறு வாரம் வாக்கர். ஆபரேஷன் காலில் பாதி எடைதான் வைக்க வேண்டும். குத்துக்கால் போட்டு உட்காரக் கூடாது, எடை தூக்கக் கூடாது. ஆறு வாரம் கழித்துப் படம் பார்த்துத்தான் மற்றது.

டாக்டர் போனதும் தணிகாசலம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். “ஆறு வாரமாமே. சாந்தி மூணு வாரத்துல போயிடுமே” என்றார். வார்டில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அப்படிக் குரல் உடைந்து பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அவரைத் தேற்ற வேண்டும் என்று இருந்தது. அதோடு, எனக்குத் தெரியாத வேலை உலகத்தில் இல்லை என்கிற திமிரும் இருந்தது.

“பெரியவரே, ஆறு வாரம்னா எத்தினி நாளு?”

“நாப்பத்திரண்டு.”

“அதுல பாதி?”

“இருவத்தொண்ணு.”

“பாத்தீங்களா? தளம் போட்டா நாங்க எத்தினி நாள் தண்ணி கட்டுவோம்? இருவத்தோரு நாளு. அப்புறம் முட்டு எடுத்து, தளத்தத் தாங்கற பலகையெல்லாம், அந்த சென்ட்ரிங்க, பிரிச்சிடுவோம். ஆனா வூட்டுக்காரன்கிட்ட சொல்லும்போது டபுளா சொல்லுவேன். இல்லன்னா அவன் அவசரப்பட்டு நாலு நாள் முன்னாடியே மேல மூட்டைய அடுக்கிடுவான். டாக்டரும் அந்தக் கணக்குதான். நாப்பத்திரண்டுன்னு சொன்னாதான் நாம இருவத்தொண்ணாவது இருப்போம்.”

சொல்லும்போது எனக்கே அது அவ்வளவு சரியாகப் பட்டது. தணிகாசலத்தின் முகம் தெளிந்தது. வாக்கரைப் பார்த்து, “அப்ப இது சென்ட்ரிங்கு” என்றார். அதிலிருந்து எங்களுக்குள் அதுதான் பேச்சு. அவர் நடக்கக் கிளம்பினால், “சென்ட்ரிங் புடிச்சிக்குனு போறேன்” என்பார். மல்லிகா வீட்டிலிருந்து அவித்துக் கொண்டுவந்த மல்லாட்டையை அவருக்கும் உரித்துக் கொடுத்து, “சென்ட்ரிங் பிரிக்கற வரைக்கும் நல்லா சாப்புடுங்க” என்பாள். எல்லாரும் சிரித்தோம். ஈர மண் சத்தத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. முட்டு எடுப்பதற்கு முன் தளத்தைத் தட்டிப் பார்க்காத மேஸ்திரி எவனும் இல்லை. சத்தம் சரியில்லை என்றால் இருபத்தொரு நாளாவது, அறுபது நாளாவது, முட்டில் கை வைக்கமாட்டேன். அவர் சொன்ன சத்தம் எனக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் நாட்கள் ஆமையாக நகர்ந்தன. உயரமான நாற்காலி, கழிவறைக்கு ஒரு மேடை, தினமும் வயிற்றில் ஓர் ஊசி. காலில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க அந்த ஊசி. மல்லிகா குத்தக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் தங்கை வந்து ஒரு வாரம் சமைத்துப் போட்டாள். வாசலில் கொண்டுபோய் உட்கார வைத்தால் ராஜகிரி கோட்டை மலை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நாள் எண்ணினேன்.

இருபத்தொன்றாம் நாள் காலை, மல்லிகா ரேஷனுக்குப் போயிருந்தாள். வாக்கரைச் சுவரில் சாய்த்து வைத்தேன். வலது காலில் முழு எடையையும் இறக்கினேன். உள்ளே ஒரு முறை டக்கென்றது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அப்படியே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. வாசல் வரை நடந்தேன், திரும்பி வந்தேன். உடனே போனை எடுத்தேன்.

“பெரியவரே! நான் பிரிச்சிட்டேன். நீங்க?”

“மெய்யாலுமா? வலிக்குதா?”

“எறும்பு கடிச்ச மாரி கூட இல்ல.”

“சாந்தி மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்புது மேஸ்திரி. நான் இன்னா பண்றதுன்னு ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடந்தேன். நீ சொல்லிட்ட, அப்புறம் இன்னா” என்றார்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பேச வராதவர்கள் தொண்டையிலிருந்து எழுப்புகிற சத்தம். “தோ வர்றேன் இரு” என்று அவர் சொன்னது என்னிடம் இல்லை. போன் வைக்கப்பட்டது.

ரேஷனிலிருந்து வந்த மல்லிகா நான் வாக்கர் இல்லாமல் நிற்பதைப் பார்த்துப் பையைக் கீழே போட்டாள். கத்தினாள். அவள் முன்னால் வாக்கரைப் பிடித்துக்கொண்டும், அவள் இல்லாதபோது விட்டுவிட்டும் மிச்ச நாட்களைக் கழித்தேன்.

நான்கு நாள் கழித்துத் தணிகாசலத்துக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் ஸ்விட்ச் ஆஃப். வேலையாக இருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். வயலுக்குப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். என் காலில் அந்த டக் அவ்வப்போது கேட்டது. கேட்கும்போதெல்லாம் எனக்கு என் கால் ஞாபகம் வரவில்லை, ஈர மண்ணில் அடிக்கிற முளைதான் ஞாபகம் வந்தது. சோறு இறங்கவில்லை. “இன்னா, டென்ஷனா இருக்கீங்க?” என்று மல்லிகா கேட்டாள். அப்போதும் சொல்லவில்லை.

ஆறு வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருக்கும் அன்றுதான் வரச் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தேன், இல்லை. என் டோக்கன் வந்தது. என் எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சந்தோஷப்பட்டார். ஸ்டெம் ஒரு நூல் அசையவில்லை, எலும்பு பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

“வாக்கர் எப்ப வுட்டீங்க?”

“நேத்துதான் சார்” என்றேன். வாய் கூசவில்லை.

அப்போது கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் தணிகாசலத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். பின்னால், ஊரிலிருந்து திரும்பி வந்திருந்த சாந்தி. ஒரு மாதத்தில் அவர் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்து, “மேஸ்திரி, நல்லா கீறியா?” என்றார். எங்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

டாக்டர் அவருடைய பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு விரலால் காட்டி, “எறங்கிடுச்சி” என்றார்.

மருத்துவ வார்த்தைகள் எத்தனையோ எனக்கு விளங்காமல் போயிருக்கின்றன. இந்த வார்த்தை விளங்கியது. அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஸ்டெம் எலும்புக்குள் கட்டை விரல் அகலம் கீழே போய், பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. எலும்பின் உள்சுவரில் மெல்லிசாக ஒரு கோடு ஓடியது. அதுவும் எனக்குத் தெரிந்த கோடுதான்.

“முழு எடை வச்சிருக்கீங்க. எதையோ தூக்கியும் இருக்கீங்க. வயசுப் பசங்களுக்கு எலும்பு சீக்கிரம் புடிக்கும். உங்களுக்கு மெதுவாதான் புடிக்கும், அதுவரைக்கும்தான் வாக்கர்னு சொன்னேன். யார் வுடச் சொன்னது?”

தணிகாசலம் என் பக்கம் திரும்பக் கூட இல்லை.

“யாரும் சொல்லல சார். அவள எறக்கணும், தூக்கணும். தூக்கனேன்.”

வெளியே வந்து மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஈர மண் உட்பட. அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு, “அவங்க பொண்ணுகிட்ட போயி சொல்லுங்க. அடிச்சா வாங்கிக்குனு வாங்க” என்றாள்.

அவரைத் திரும்ப அறுக்க நாள் குறித்தார்கள். இந்த முறை நீளமான ஸ்டெம், சிமெண்ட் வைத்து. முதல் ஆபரேஷனை விட இது பெரியது, ரத்தம் நிறையப் போகும், எழுபத்தொரு வயதுக்கு இது லேசான காரியம் இல்லை என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அன்று காலை நான் போய் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்த பெஞ்சில் சாந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பச்சையம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். நான் வந்ததில் அவளுக்குச் சந்தோஷம். டீ வாங்கிக் கொடுத்தாள். அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன், குடிக்க முடியவில்லை.

“நைனாகிட்ட எவனோ இருவத்தோரு நாள்ல உட்டுடலாம்னு சொல்லிக்கிறான்ணா. அம்மா மேல சத்தியம் பண்ணிக் கேட்டும் பேர சொல்ல மாட்டன்றாரு. சொன்னவன் காலு மட்டும் நல்லா இருக்குமா?”

“நல்லாத்தான் இருக்குதும்மா” என்றேன். “அவன் நான்தான்.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். பிறகு சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வெளியே ஒரு சத்தமும் வரவில்லை.

மூன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். பிழைத்துவிட்டார், ஸ்டெம் இறுகிவிட்டது, நாளைக்கே நிற்க வைக்கலாம் என்றார். நாளைக்கேவா என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். எலும்புக்குப் போடுகிற சிமெண்ட் எங்கள் சிமெண்ட் இல்லையாம். பிசைந்து வைத்தால் கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடுமாம். என் இருபத்தொரு நாள் கணக்கு அதற்கும் பொருந்தாது, இதற்கும் பொருந்தாது. “ஆனா இனிமே அவர் யாரையும் தூக்கக் கூடாது. என்னிக்கும்” என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

சாந்தி எழுந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று நானும் எழுந்தேன்.

“அப்ப அம்மாவ யாருண்ணா தூக்கறது?” என்று கேட்டாள்.

அப்போதும் அண்ணா என்றுதான் கேட்டாள்.

பச்சையம்மாவை இப்போது திண்டிவனம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். தணிகாசலம் கைத்தடியோடு நன்றாக நடக்கிறார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். போன வாரம் அவராகவே எனக்குப் போன் செய்தார். சென்ட்ரிங் என்கிற பேச்சே எங்களுக்குள் இப்போது கிடையாது. என் காலை விசாரித்தார், மல்லிகாவை விசாரித்தார். நான்தான் கேட்டேன், அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று.

“நல்லா பாத்துக்கறாங்க மேஸ்திரி. ரெண்டு பொம்பளைங்க சேந்து தூக்கறாங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன், நிக்க மட்டும்தான் சொல்லிக்கறாங்க” என்றார். கொஞ்சம் நிறுத்தினார். “அவ கைய நீட்டி நீட்டி என் தோளத் தேடறா. நான் குனியறதில்ல.”

போனை அவர்தான் முதலில் வைத்தார்.